வாப்பாவின் மீன்கள்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம் விரிவுரையாளர்கள். ஒருவர் கழுத்தில் கணினியில் உயிரினங்களைப் போல அசையவைக்கும் ‘செயற்கை உயிர்’ ஆய்வு மாநாட்டின் பெயர் அட்டை இன்னும் தொங்கியது.

“என்ட மீனெல்லாம் வாப்பாட மீன் மச்சான்,” என்றார் அவர், தன் தந்தையைச் சொல்லி.

“நீ கம்ப்யூட்டர்ல நீந்த உட்டதா?”

“ஓம். தலைவன் இல்லாம மீன்கூட்டம் எப்பிடி ஒண்டாத் திரும்புமெண்டு அவர்தான் சொல்லித் தந்தாரு. கரையில நிண்டு கரவலை இழுத்து மீன் புடிச்ச மனிசன்.”

“அத மேடையில சொன்னியா?”

“எப்பிடிக் கண்டுபுடிச்சீங்கெண்டு ஒராள் கேட்டாரு. நானே கடக்கரையில நிண்டு பாத்தனெண்டு சொல்லிட்டன்.”

“வாப்பாக்குத் தெரியுமா?”

“நான்தான் கூட்டித்துப் போனன். பின்வரிசையில இருந்தாரு.”

“நீ இங்கிலீசில கதைச்சிருப்பாய். அவருக்கு வெளங்கியிருக்காது.”

“கேள்வியத் தமிழ்லதான் கேட்டாரு. நானும் தமிழ்லதான் சொன்னன்.”



“வாப்பா என்ன செஞ்சாரு?”

“முதல்ல கைதட்டினதே அவர்தான்.”

அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.