முப்பத்தேழாம் தொட்டி

...விருது வாங்கினவங்களுக்கெல்லாம் கை தட்டியாச்சு. நல்லது. ஆனா ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொருத்தரும் என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு வாசிச்சாங்களே, அப்ப இந்த மண்டபத்துல பாதிப் பேரு செல்போனைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பூமிக்கடியில உக்காந்து அணுவை விடச் சின்னத் துகளைத் தேடுற பையன்... நீங்க பார்க்கல. இலையில இருக்கிற துளைகளை எண்ணிக்கிட்டே நாலு வருஷம் கழிச்ச பொண்ணு... பார்க்கல. நான் கோபப்படல. எங்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு பொண்ணு. பேரு செண்பகவல்லி. கரிசக்காட்டு நடுவுல ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்துல விஞ்ஞானி. விஞ்ஞானின்னதும் வெள்ளைக் கோட்டு, புகை வர்ற குடுவைன்னு நினைச்சுக்காதீங்க. மழை விழாம வெயில் மட்டும் விழுற மாதிரி பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ள அறுபது தொட்டி. தொட்டிக்கு ஒரு குதிரைவாலிப் பயிர். ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

அவ வேலை என்ன தெரியுமா? பயிர் கதிர் விடுற நேரம் பார்த்துத் தண்ணியை நிறுத்தணும். இருபத்தொரு நாள்... ஒரு சொட்டு கிடையாது. அறுபதும் அறுபது ரகம். அதுல எது தாக்குப்பிடிச்சு நிக்குதோ, அந்த விதைதான் மழை இல்லாத வருஷத்துல விவசாயி வீட்டுல உலை கொதிக்க வைக்கும்.

முதல் வருஷம்... அறுபதும் காஞ்சுது. ரெண்டாவது வருஷம் வேற அறுபது... காஞ்சுது. இப்படியே போகுது. கூட வேலை பார்த்த ரெண்டு பேரும் மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் தனியாத் திறப்பா, தனியா மூடுவா. கல்யாணம் காட்சின்னு போனா, "இன்னுமா புல்லு வளர்த்துக்கிட்டு இருக்க?"ன்னு கேட்பாங்க. சிரிச்சுட்டு வந்துருவா. அப்புறம் போறதையே விட்டுட்டா.

ஆறாவது வருஷம். இருபத்தொண்ணாவது நாள் காலையில கொட்டகைக்குள்ள போறா. அம்பத்தொன்பது தொட்டி காஞ்சு கிடக்கு. முப்பத்தேழாம் தொட்டி... பச்சை! கதிர் நிமிர்ந்து நிக்குது!

யார்கிட்டயாவது சொல்லணும். அண்ணனுக்குப் போன் போடுறா.

"அண்ணே, முப்பத்தேழு..."

"எதுன்னாலும் அப்புறம் பேசுவோம்மா. மீட்டிங்ல இருக்கேன்."

வச்சுட்டாரு. வேற யாருக்குப் போடுறது? யோசிச்சா... யோசிச்சா... ஒரு பேரு வரல. அந்த நிலையத்துல அப்ப இருந்தது மாடக்கண்ணு ஒருத்தர்தான். வெளி வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற தொழிலாளி. அதிகம் பேசாத மனுஷன். அவர்கிட்ட ஓடுறா.

"அண்ணாச்சி! முப்பத்தேழு பொழைச்சிருச்சு அண்ணாச்சி! தண்ணியே இல்லாம பொழைச்சிருச்சு!"

ஆறு வருஷத்துல அவ வாய்விட்டுச் சிரிச்சு அன்னைக்குத்தான் அவர் பார்க்குறாரு. கையில இருந்த மம்பட்டியைக் கீழ வச்சாரு. பேசாம இருந்திருக்கலாம். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவர் சொல்லிட்டாரு.

"தாயி... அதுக்கு நான் தண்ணி ஊத்துனேன்."

அவ திரும்பிக் கொட்டகையைப் பார்த்தா.

"நீங்க சாப்பிடப் போற நேரமாப் பார்த்து, தினம் ஒரு செம்பு. ஓரத்துல சூலோட நின்னுச்சு தாயி. புள்ளத்தாச்சிக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல முடியுமா? எனக்கு மனசு கேக்கல. அந்தப் பக்கம் வராதீங்கன்னு மட்டும்தான சொன்னீங்க... ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஆறு வருஷமா யாரும் கேக்கல அண்ணாச்சி. சொல்லாமலே இருந்து பழகிப்போச்சு."

நோட்டை எடுத்தா. 'முப்பத்தேழு, தண்ணீர் ஊற்றப்பட்டது, முடிவு செல்லாது'ன்னு எழுதினா. எழுதிட்டு அந்தத் தொட்டி பக்கத்துலயே உக்காந்து அழுதா.

அடுத்த வருஷம் அதே ரகத்தை மறுபடியும் வச்சா. எதுக்காகத் தண்ணியை நிறுத்துறோம்னு மாடக்கண்ணுகிட்ட முதல் நாளே உக்கார வச்சுச் சொன்னா. இருபத்தொரு நாளும் அந்த மனுஷன் கையைக் கட்டிக்கிட்டு அவ பக்கத்துல நின்னாரு. ஜெயிச்சுதுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்... காஞ்சு போச்சு. ஆனா இந்தத் தடவை ரெண்டு பேரு பார்த்துக்கிட்டு நின்னாங்க.

இதெல்லாம் உனக்கு எப்படிய்யா தெரியும்னு கேக்குறீங்களா? மாடக்கண்ணுதான் சொன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு நான் அங்க போனேன். எதுக்கு? எனக்கு நடக்கப்போற பாராட்டு விழாவுக்குப் பத்திரிகை வைக்க! அவ வயல்ல இருந்து வர்ற வரைக்கும் அவர் பேசிக்கிட்டு இருந்தாரு. "அவுங்க அண்ணனுக்குத்தான் சார் முதல்ல போன் போட்டாங்க. அவருக்கு என்ன வேலையோ, வச்சுட்டாரு." எதிர்ல நிக்கிறவன் யாருன்னு பாவம் அவருக்குத் தெரியல.

ஆமாங்க... நான்தான். அவ போன் வந்தப்ப இதே மாதிரி ஒரு மேடையிலதான் இருந்தேன். அன்னைக்கு நான் பேசினதுல ஒரு வரி இன்னைக்கு எனக்கு ஞாபகமில்ல.

அவ வந்தா. பத்திரிகையை எடுக்கல நான். "முப்பத்தேழு என்னாச்சும்மா?"ன்னு கேட்டேன். "மீட்டிங் இப்பதான் முடிஞ்சுதாண்ணே?"ன்னா.

பெத்தவங்களே, கூடப் பிறந்தவங்களே... வீட்டுக்குப் போற வழியில "எப்ப முடிப்ப, எப்ப வேலை, எப்ப கல்யாணம்"னு ஆரம்பிக்காதீங்க. "நீ என்னத்தத் தேடுற?"ன்னு கேளுங்க. புரியலேன்னாலும் கேளுங்க. நீங்களும்தான் பிள்ளைகளா, யாரும் கேக்கலேன்னு வாயை மூடிக்காதீங்க. செம்போட நிக்கிறவருக்காவது சொல்லி வையுங்க. சொல்லாம விட்டா, உங்க மேல பிரியமா இருக்கிறவங்க கையாலயே உங்க ஆறு வருஷம் போயிரும்.

இன்னும் பத்து நிமிஷம் பேசச் சொல்லித் தலைவர் சீட்டு அனுப்பியிருக்காரு. மன்னிக்கணும்... மணி ஒண்ணு ஆகப்போகுது. அவ டிபன் பாக்ஸைத் திறக்குற நேரம். நான் போன் பண்ணணும்.