ஆறரைக் கட்டை

கோப்பிக்கு நன்றி, ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு சூடாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் பெயர் சீனி முகம்மது. சூலியா தெரு நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். ஒருவருடைய தொண்டைக்கு எந்தக் கட்டை சுருதி என்று கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி. பாடச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. பாடச் சொன்னால் எல்லாரும் இல்லாத தொண்டையைக் காட்டுவார்கள். தனலெட்சுமி எங்கள் நாடகக் கம்பெனிக்குப் பாடகியாகப் புதிதாக வந்தபோது, சௌராஸ்தா பாசாரில் அவள் மீன்காரனோடு சண்டை போடுவதைப் பின்னால் நின்று கேட்டேன். கோபத்தில் குரல் போய் நிற்கிற இடம்தான் நிஜமான இடம். ஐந்து கட்டை. அன்றைக்கே ஐந்தில் ஆர்மோனியப் பெட்டியை அழுத்திப் பாடச் சொன்னேன். பாடி முடித்துவிட்டு, "எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தக் குரல?" என்று கேட்டாள். ஆகவே அதைக் கண்டெடுத்தவன் நான் என்று சொல்வதில் தப்பில்லை.

போன மாதம் கிராமபோன் தட்டுக்குப் பாட அவளைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார்கள். பிறை ஸ்டேஷனில் ரயிலேற நாளும் குறித்தாகிவிட்டது. அங்கே வேறு ஆர்மோனியக்காரர்.

"நீங்க வரலேன்னா என்னண்ணே? அங்கயும் பெட்டி இருக்கும் லா," என்று சிரித்தாள். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை.

அந்த வாரமே அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உள்ளே புண் என்றார் டாக்டர். நாலு கட்டைக்கு மேல் போனால் பேச்சே நின்றுவிடும் என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார். ஞாயிறு பகல் ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, "அண்ணே, இன்னிக்கு நாலுதான். கிழிஞ்சிச்சுன்னா அவ்வளவுதான்," என்றாள்.

"கிழிஞ்சா என்ன தங்கச்சி, புதுத் தோல் போட்டு வார் இழுத்துக் கட்டிருவோம்," என்றார் மிருதங்கம் வாசிக்கிற சின்னையா. அவள் விசிறியால் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

நாலில்தான் ஆரம்பித்தேன். நாடகத்தில் பாட்டுக்குப் பாட்டு நடுவே வசனம் வரும். வசனம் முடிவதற்குள் பழைய சுருதி காதை விட்டுப் போய்விடும். அடுத்த பாட்டுக்குப் பெட்டி எதைக் கொடுக்கிறதோ அதில்தான் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் அரைக் கட்டை ஏற்றினேன்.

"என்னப்பா, பெட்டி மேல போகுது?" என்று சின்னையா காதோரம் கேட்டார்.

"பின்வரிசைக்குக் கேக்கலியாம். முதலாளி உத்தரவு," என்றேன். அவர் நம்பினார். கல்லால் தட்டித் தன் மிருதங்கத்தையும் ஏற்றிக்கொண்டார்.

புருஷனைக் கொல்லாதே என்று ராஜாவிடம் கெஞ்சும் பாட்டு வந்தபோது ஆறில் இருந்தோம். அங்கேதான் அவளுக்குப் புரிந்தது. நடுவில் நிறுத்த எங்கள் மேடையில் வழியில்லை. நிறுத்தினால் சோடா பாட்டில் பறக்கும். ராஜாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். கண்ணீர் வழிய என்னைக் கும்பிட்டபடியே பாடினாள். என்ன நடிப்பு என்று சனங்கள் எழுந்து நின்று 'ஒன்ஸ்மோர்' போட்டார்கள். கேட்டால் கொடுப்பது வழக்கம். ஆறரையில் கொடுத்தேன்.

உச்சியில் துணி கிழிவது போல ஒரு சத்தம். அதன் பிறகு வாய் அசைந்தது, குரல் வரவில்லை. முந்தானையில் ரத்தம். அதற்கும் கைதட்டினார்கள்.

இனி அவளால் ஒரு சொல்லும் பேச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னையா உங்களிடம் புகார் கொடுத்தது நியாயம்தான். சுருதியை ஏற்றியதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்று நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதும் எனக்குப் புரிகிறது. நான் மறைக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். எவனோ ஒருவன் அந்தக் குரலுக்குக் கட்டை போடுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

இனிமேல் அவளுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். நேற்று ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து, "என் வீட்டுக்கு வந்துரு தனம், நான் பாத்துக்கிறேன்," என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா.