மெடலும் லைஃப் ஜாக்கெட்டும்

"மெடலை ஏன் பிள்ளை லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?" என்று நெடுந்தீவுப் படகில் கணவனோடு இருந்த ஒரு பெண், எதிரே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாள்.

அந்தப் பிள்ளை தினமும் காலையில் துறையில் நின்று படகேறுகிற சனத்துக்கெல்லாம் ஜாக்கெட் கட்டிவிடுவாள். அதற்காகக் கொழும்பில் தேசிய விருது வாங்கித் திரும்புகிறாள்.

"மாமா தன்ரை ஜாக்கெட்டுக்கு மேலை குந்தியிருக்கிறார் மாமி. அவர் போட்டால் மெடலை வெளியிலை எடுக்கிறன்."

"நான் இந்தக் கடலிலை பிறந்து வளந்தனான்," என்றார் கணவன்.

"பிள்ளையை வரவேற்க மேளத்தோடை கரையிலை சனம் நிக்குது. மெடல் தெரியாட்டி உங்களைத்தான் ஏசப்போகுது," என்றாள் மனைவி.

படகே அவரைப் பார்த்தது. அவர் எழுந்து ஜாக்கெட்டை உதறினார்.

"வந்து கட்டு பிள்ளை. இறுக்கிக் கட்டு."

கட்டிவிட்டு, ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவள் மெடலை வெளியே எடுத்தாள். கரையில் மேளம் முழங்கியது.