இரும்பைத் தொட்ட கை

உட்காருங்கள் ஐயா. நாற்காலியில் பூனை படுத்திருந்தால் தள்ளிவிடுங்கள், ஒன்றும் செய்யாது. கரையில் இருக்கும்வரை அதைப் பூனை என்றும் உங்களைப் பாதிரியார் என்றும் தாராளமாகச் சொல்லலாம். படகு துறையை விட்டுக் கிளம்பிவிட்டால் இரண்டு சொல்லும் எங்கள் வாயில் வரக் கூடாது. அங்கே நீங்கள் 'நிமிர்ந்து நிற்பவர்'. மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், இந்த ஷெட்லாந்துத் தீவுகளில் கடல்மேல் போகிற எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்ச்சிக்காக ஜெபம் வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டானா என்று கேட்டீர்கள். அதை என் தங்கையிடம் கேட்க மனம் வராமல் என்னிடம் கேட்கிறீர்கள், அது நல்ல குணம். ஓஸ்லா மாடு கறக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் மேடையில் நின்று ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவீர்கள்.

கடல் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது எங்கள் அப்பாவின் நம்பிக்கை. கரையின் பெயர்களைச் சொன்னால் அதற்குக் கோபம் வரும். கத்தியை அங்கே 'கிழிப்பான்' என்போம். மனைவி 'அடுப்படியாள்'. யாராவது வாய் தவறிக் கரைச்சொல்லைச் சொல்லிவிட்டால், கேட்டவர்கள் உடனே பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட வேண்டும். ஆணியோ தூண்டிலோ, எதுவானாலும் சரி. ஒருமுறை யாரோ பன்றி என்று சொல்லிவிட்டார்கள் என்று, போட்ட தூண்டிலையெல்லாம் சுருட்டிக்கொண்டு வெறும் படகோடு திரும்பினார் அப்பா. எனக்கும் அதே வளர்ப்புதான்.

ஆர்ச்சியை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு மதிலைக் கட்டத்தான் ஸ்காட்லாந்திலிருந்து வந்தான். நல்ல கொத்தனார், குடிக்க மாட்டான், கலகலவென்று பேசுவான். அவனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஓஸ்லாவை அவன் கேட்டபோது நான் தடுக்கவில்லை. அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரமும் இருக்கவில்லை. இந்த வீட்டில் அவளும் நானுமாக இருந்தோம், பிறகு அவனும் வந்து சேர்ந்தான். அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். தெற்கே ஒரு கல்குவாரியில் அவனுக்கு நிலையான வேலை கிடைத்திருக்கிறதாம், அறுவடை முடிந்ததும் கப்பல் ஏறுகிறார்களாம். குழந்தை அங்கேதான் பிறக்குமாம்.

"நீயும் எங்களோட வந்துரேன் அண்ணே," என்றாள்.

"குவாரியில மீன் பிடிக்கவா?" என்றேன். மூவரும் சிரித்தோம்.

கோடையில் என்னோடு படகில் வருகிறவன் திமிங்கிலக் கப்பலில் சேர்ந்து போய்விட்டான். தெற்கே போகும்வரை நானே வருகிறேன் என்று ஆர்ச்சி முன்வந்தான். துறையில் எல்லாருக்கும் அது பெரிய வேடிக்கை.

"கல்லுக்காரனப் படகுல ஏத்துறியே மான்சி, இனி நங்கூரம் தனியா வேணாம்ல?" என்று கேட்டார்கள்.

"நங்கூரம் பேசாம கெடக்கும். இவன் வாய மூட மாட்டான்," என்றேன்.

ஆனால் கெட்டிக்காரன். சீக்கிரமே படித்துக்கொண்டான். கடல்சொற்களை ஓஸ்லாதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, பாடம் ஒப்பிக்கவைப்பதுபோல. நான் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பேன்.

"கத்திக்கு என்ன?"

"கிழிப்பான்."

"பொண்டாட்டிக்கு?"

"அடுப்படியாள். ஏன்டி, தெக்க போனா அடுப்பே மாறிடுமே, அப்ப ஆளையும் மாத்திக்கலாமா?"

அவள் மாவை உருட்டி அவன்மேல் எறிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை ஐயா. என்னோடு இருந்த காலத்தில் அவள் சிரிக்கவில்லை என்று சொல்லவில்லை, சிரித்திருக்கிறாள். அது வேறு மாதிரி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையில் கடல் நன்றாகத்தான் இருந்தது. மீனோடு திரும்பிக்கொண்டிருந்தோம். முனையைத் தாண்டியதும் காற்று தென்மேற்கில் திரும்பிப் பலமாக அடிக்கத் தொடங்கியது. பாயைச் சுருக்க வேண்டிய நேரம்.

நீங்கள் டவுனிலிருந்து வந்தவர், அதனால் சொல்கிறேன். எங்கள் படகுக்கு ஒரு பாய்மரம், ஒரே பாய். பாயின் தலைப்பு ஒரு தடியில் கட்டியிருக்கும். அந்தத் தடியை ஏற்றுக்கயிற்றால் பாதிவரை இறக்கி, பாயின் அடிப்பகுதியைச் சுருட்டி, அதில் வரிசையாகத் தொங்குகிற சின்னக் கயிறுகளால் முடிந்துவிட்டுத் திரும்பவும் ஏற்ற வேண்டும். சுக்கான் பிடிக்கிறவன் அதுவரை படகின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்திருப்பான். மற்ற வேலையெல்லாம் மரத்தடியில் நிற்பவனுக்கு. சுருக்கு என்று நான் சொன்னேன், ஆர்ச்சி இறக்கினான். முடிச்சுகளை அழகாகத்தான் போட்டான், கொத்தனார் கை அல்லவா.

"இம்புட்டுத் துணியா மச்சான்! தெக்க போறப்போ இதக் குடுத்துருங்க, பொறக்கப்போற புள்ளைக்கு ஏழெட்டு வருஷத்துக்குச் சட்டை தச்சிரலாம்," என்றான்.

இறக்கிய கயிற்றை அவன் சுருட்டி ஓரமாக வைக்கவில்லை. அதன் வளையத்துக்குள்ளேயே காலை வைத்து நின்றிருந்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. காலை எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவன் தெற்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், நடுவில் குறுக்கிடவில்லை.

பிறகு ஒரு பெரிய அலை வந்தது. மூக்கு திரும்பிவிட்டது. பாதி முடிந்திருந்த பாயில் காற்று புகுந்து, தடியோடு சேர்த்து அதை வெளியே வீசியது. கயிறு அவன் காலை இறுக்கி அவனையும் இழுத்துக்கொண்டு போனது. நனைந்த பாய் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது கீழே போகப் பார்க்கிறது, படகு அந்தப் பக்கம் சாய்கிறது, அவன் இரண்டு கையாலும் விளிம்பைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறான்.

நான் எழுந்திருந்தால் படகு கவிழ்ந்திருக்கும் என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. கவிழ்ந்திருக்காது. கை எட்டும் தூரம்தான். கயிற்றை வெட்டினால் பாய் போகும், அவ்வளவுதான் நஷ்டம். வேறு பாய் தைத்துக்கொள்ளலாம். துடுப்புகள் எல்லாம் படகுக்குள்தான் இருந்தன.

அவன் கத்தினான். "கத்தி! மச்சான், கத்தி!"

இப்போது நான் சொல்வதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் ஐயா. அவன் கரைச்சொல்லைச் சொல்லிவிட்டான். கேட்ட நான் இரும்பைத் தொட வேண்டும். பக்கத்தில் இருந்த இரும்பு, என் முழங்காலுக்கு அருகில் செருகியிருந்த அந்தக் கத்திதான். அதன்மேல் கை வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. சிரிக்கக்கூடச் செய்தான் என்று நினைக்கிறேன். கயிறு எனக்கு எட்டட்டும் என்று, தண்ணீருக்குள்ளிருந்து அந்தக் காலை மேலே தூக்க முயன்றான்.

வழக்கம், தொடுவது மட்டும்தான். தொட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

அவன் விளிம்பை விட்ட பிறகு கயிற்றை வெட்டினேன். படகு ரொம்பச் சாய்ந்துவிட்டது, வெட்டாவிட்டால் ஆபத்து. ஒரே வெட்டு. கத்தியை நான் எப்போதும் கூராகத்தான் வைத்திருப்பேன்.

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தேன். ஓஸ்லா துறையில் நின்றிருந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், கால் கயிற்றில் சிக்கிவிட்டது என்று. அவள் அழவில்லை. படகுக்குள் இறங்கி, மரத்தில் தொங்கிய கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மீனவன் மகள் அல்லவா.

"வெட்டியிருக்கே அண்ணே."

"ஆமா."

"வெட்டுனியே, அப்பறம் எப்படி அவரு...?"

"தப்பான சொல்லச் சொல்லிட்டான் ஓஸ்லா."

"என்ன சொல்லு?"

"கத்தின்னு கத்துனான்."

அவள் என்னையே பார்த்தாள். "அதுக்கப்பறம்? அதுக்கப்பறம் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மேட்டில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

கடலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால் அது வேறு ஒருவரைக் கேட்கும் என்று அப்பா சொல்வார். தப்பு அவனுடையதுதான் என்று நானும் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிக்கொண்டிருந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் கஷ்டப்பட்டானா என்று கேட்டுவிட்டீர்கள். கோயிலில் போய்ச் சொல்லப்போகிறீர்கள். அதனால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓஸ்லாவிடம் நான் சொன்னது பொய். நான் கையை எடுத்ததும் அவன் முகம் மாறியது. தான் செய்த தப்பு அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் அந்தச் சொல்லின்மேல்தான் என்று நினைத்திருக்கிறான், பாவம். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, அவள் மாவு பிசையும்போது ஒப்பிப்பானே, அதே மாதிரி நிறுத்தி, தெளிவாகச் சொன்னான்.

"கிழிப்பான் மச்சான். கிழிப்பான். மன்னிச்சிருங்க."

எங்கள் ஆள் ஒருவன் சொல்வதுபோலவே இருந்தது. ஒரு பிழை இல்லை. அப்போது எனக்கு அப்பா நினைவு வரவில்லை. கடலின் கோபமும் நினைவு வரவில்லை. அறுவடைக்குப் பிறகு வரப்போகிற கப்பல்தான் மனதில் இருந்தது. அதில் அவளும், அவள் வயிற்றில் குழந்தையும். என் கை முழங்கால்மேல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவனைக் கொன்றது நான்தான் ஐயா.

வாசலில் சத்தம் கேட்கிறது, பால் கொண்டுவருகிறாள். அவளிடம் நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். துறையில் பேசியதோடு சரி, அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் முன்னால் தட்டை வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். நேற்றுப் பெட்டியைத் திறந்து, பயணத்துக்காகக் கட்டிவைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். நான் இங்கேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசாவிட்டால் என்ன ஐயா. போகவில்லையே.