பதினோரு நிமிடம்

மழையில் தோற்றதை நான் தோல்வியில் சேர்ப்பதில்லை. நனைந்த பந்து யார் கையிலும் நிற்காது. அதனால் சனிக்கிழமை காலை, ஆட்டத்துக்கு முன் நாங்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் மைதானத்து வண்டி நிறுத்தத்தில், பஸ்டர் உங்களிடம் சொன்ன கதையைப் பத்திரிகையில் போடுங்கள், ஆனால் மோசமான தோல்விகளின் பட்டியலில் முதல் இடத்தில் போட வேண்டாம்.

அவர் சொல்லும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியதைப் பார்த்தேன். பஸ்டருக்கு அது போதும். அடுப்பில் பன்றி விலா வெந்துகொண்டிருக்க, இடுக்கியை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"எழுதிக்கங்கம்மா. ஸ்கோர் மூணுக்கு ரெண்டு. பந்தைக் கையில தூக்கிட்டு ஓடி முப்பது நாப்பதுன்னு புள்ளி எடுக்கிற அமெரிக்கக் கால்பந்துல அது ஒரு ஸ்கோரா? நம்ம பையன் உதைக்கப் போனான், வழுக்குனான், முன்னால நின்ன நம்ம ஆளு பின்பக்கத்துலயே உதைச்சான். நாடே பாத்துச்சு."

"இவர் பாக்கல," என்றாள் அவர் மனைவி ஓப்பல். "மழைக்கு பயந்து வண்டிக்குள்ள உக்காந்து கோழி தின்னுட்டு இருந்தாரு."

"ரேடியோல கேட்டேன்டி."

"ரேடியோல மழை பெய்யலயாம், கேட்டுக்கங்க."

பிறகு ஓப்பல் தன்னுடையதைச் சொன்னாள். நம் பையன் ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு அறுபது கஜம் ஓடினான், எதிரணியில் ஒருவன்கூட அவனைத் தொடவில்லை. "ஏன் தொடணும்? அவன் ஓடுனது நம்ம எல்லைக்கு. அவங்கம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. 'ஓடு ராசா, ஓடு'ன்னு ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துனோம்."

நாற்பது வருடமாக இதுதான் எங்கள் பொழுதுபோக்கு. எங்கள் ஊர்க் கல்லூரி ஹார்கிரோவ் ஸ்டேட் ஜெயித்த ஆட்டங்கள் எங்களுக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. தோற்றவற்றை வருடம், வானிலை, யார் அழுதது என்பது வரை சொல்வோம். ஒருவர் சொன்னதைவிட மோசமானதை இன்னொருவர் சொல்ல வேண்டும். அதில் ஒரு பாசம் இருக்கிறது. அடுத்தவர் அணியைப் பற்றி யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, மிஸ் ஐடெல்லா," என்றீர்கள். நான் "டோபி கிரீக்" என்றேன். பஸ்டர் விலாவைத் திருப்பிப் போடப் போய்விட்டார். ஓப்பல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணவர் வெல்டன் இறந்தது அந்த ஆட்டத்தின்போது என்று ஓப்பல் பிறகு உங்களை ஓரமாக அழைத்துச் சொல்லியிருப்பாள். அதனால்தான் இன்று இவ்வளவு தூரம் வீடு தேடி வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும். எனக்குத் தொந்தரவில்லை.

வெல்டனுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு தோல்வியில்தான். நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். எல்லோரும் எழுந்து போன பிறகும் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் நான்கு வரிசை இறங்கி வந்து தன் கோட்டை என் தோளில் போட்டார். "கடைசி வரைக்கும் இருக்கிறவளா நீ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த ஜூனில் கல்யாணம். நாற்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூட கோபத்தோடு படுக்கப் போனதில்லை.

எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் ஒற்றைக்காலில் நின்று காட்டிக் கேலி செய்வார்கள். வெல்டன் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார். எண்பத்தேழில் ஒரு மாலை, கடைசிக் கால்பகுதியில் இருபத்தொரு புள்ளி பின்னால் இருந்தோம். நான் மடியில் பீன்ஸ் கிண்ணத்தோடு இடது நாற்காலியில் இருந்தேன், அவர் வலது நாற்காலியில். நாங்கள் ஏழு புள்ளி எடுத்தோம், இன்னும் ஏழு எடுத்தோம். "அசையாத, ஐடி," என்றார். "பீன்ஸக்கூட உரிக்காத. கொக்கு மீனுக்கு நிக்கிற மாதிரி இரு." ஜெயித்தோம். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். கடைசிக் கால்பகுதியில் நாம் பின்னால் இருந்தால் யாரும் இடத்தைவிட்டு எழக்கூடாது. விளம்பரம் போகும்போதும் எழக்கூடாது. போன் நாற்காலிப் பக்கமே வரக்கூடாது.

இதைச் சிரிப்பென்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று உண்டு. பஸ்டர் ஒருமுறை இங்கே வந்து பார்த்தபோது, கழிப்பறைக்கு எழுந்து போக அஞ்சியதில், நாற்காலி மெத்தையைத் துவைக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் மாப்பிள்ளை கிரெய்க் ஒரு தடவை வாசல் மணிக்கு எழுந்தான். அந்த நொடியில் நம் பையன் பந்தை நழுவவிட்டான். அந்த வருட நன்றிதெரிவிப்பு நாள் விருந்தில் வெல்டன் எல்லோருக்கும் ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்தார், கிரெய்க்கின் தட்டைத் தாண்டிப் போனார். "டாடி, அவர் என் புருஷன்," என்றாள் டார்லா. "தெரியும்டா கண்ணு," என்றார் வெல்டன். "அதனாலதான் வீட்டுக்குள்ள விட்டேன்."

டார்லா எங்கள் ஒரே பெண். பெரிய மருத்துவமனையில் இதய நோயாளிகள் பிரிவில் நர்ஸாக இருந்தாள். நல்ல கை என்று டாக்டர்களே சொல்வார்கள்.

டோபி கிரீக் ஆட்டத்துக்கு ஆறு வருடமாகிறது. டோபி கிரீக் என்று ஒரு கல்லூரி இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. மூன்று பள்ளிப் பேருந்துகளில் வந்திறங்கினார்கள். எங்களிடம் அடி வாங்கிக்கொண்டு போவதற்காகவே அழைத்த அணி அது. முழங்கால் வலியால் மைதானப் படிகளை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது எங்களுக்கு. காலையில் போய் எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, ஆட்டத்துக்கு வீட்டு நாற்காலிகளுக்கு வந்துவிடுவோம். அன்றும் அப்படித்தான். முதல் பாதியில் பதினேழுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். கடைசிக் கால்பகுதி ஆரம்பிக்கும்போது இருபதுக்குப் பதினேழு என்று பின்னால் போய்விட்டோம். மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெல்டன் என்னைக் கூப்பிட்டார்.

நான் எங்கள் போதகரிடம் சொன்னது, டாக்டரிடம் சொன்னது, டார்லாவிடம் சொன்னது எல்லாம் ஒன்றுதான். அவர் வலிக்கிறது என்றார், நான் எழப்போனேன், "எழுந்திருக்காத, ஐடி" என்று அவரே தடுத்தார், பிறகு அமைதியாகிவிட்டார், ஆட்டம் முடிந்ததும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டார். பதினோரு நிமிடம் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, பதினோரு நிமிடத்தில் போகிற மாரடைப்பு என்றால் யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

பதினோரு நிமிடம் என்பது பொய்யில்லை. அவர் கூப்பிட்டபோது திரையில் பார்த்தேன். பதினோரு நிமிடமும் நான்கு நொடியும் மிச்சம் இருந்தன. அது மைதானக் கடிகாரம். உங்களுக்கும் தெரியும், பந்து கோட்டைத் தாண்டினால் அது நிற்கும், கையிலிருந்து தவறினால் நிற்கும், நடுவர்கள் கூடிப் பேசினால் நிற்கும், சோப்பு விளம்பரத்துக்கு நிற்கும். அந்தப் பதினோரு நிமிடம் அன்று சுவர்க் கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடியது. டாக்டர் வட மாநிலத்திலிருந்து வந்தவர், எங்களைப் போல ஆட்டம் பார்ப்பவர் இல்லை. எந்தக் கடிகாரம் என்று அவர் கேட்கவில்லை.

"எழுந்திருக்காத" என்று அவர் சொன்னதும் உண்மை. ஆனால் அது இரண்டாம் கால்பகுதியில், நான் அவருக்குக் குளிர்ந்த தேநீர் எடுத்துவரப் போனபோது. இதைத் திருத்திச் சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் அச்சில் போடப்போகிறீர்கள்.

கடைசிக் கால்பகுதியில் அவர் சொன்னது வேறு. "ஐடி, கை மரத்துப் போகுது," என்றார். நான் "கொஞ்சம் பொறுங்க, தங்கம்," என்றேன். பிறகு "போன் எடு," என்றார். போன் சமையலறை மேடையில் இருந்தது. ஏழு அடி தூரம். தீயணைப்பு நிலையம் எங்கள் தெருமுனையில்தான், ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்கும். நான்கு நிமிடத்தில் வந்துவிடுவார்கள்.

நான் அவரைத் தனியாக விடவில்லை. இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு சின்ன மேசைதான். எழாமலேயே கை எட்டும். அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இறுக்கிப் பிடித்தார். நம் பையன்கள் பந்தை மெல்ல முன்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். "ஐடி, ப்ளீஸ்," என்றார் ஒருமுறை. வெல்டன் அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறவர் இல்லை. "பாருங்க, நாப்பதாவது கஜத்துக்கு வந்துட்டாங்க," என்றேன். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மைதானக் கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருக்கும்போது அவர் பிடி தளர்ந்தது. வலி விட்டுவிட்டது என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்திருக்கலாம். தலையைத் திருப்பலாமா கூடாதா என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் திருப்பவில்லை.

கடைசி நொடியில் நம் பையன் உதைத்த பந்து இடது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இருபதுக்குப் பதினேழு. டோபி கிரீக் பையன்கள் புல்லில் விழுந்து புரண்டார்கள். நான் டிவியை அணைத்தேன். அவர் முழங்காலில் இருந்த போர்வையைச் சரிசெய்தேன். அதன் பிறகு சமையலறைக்குப் போய் போன் செய்தேன்.

முதல் ஒரு மணி நேரம் தங்கம் மாதிரி என்று டார்லா எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இந்த மேசையில்தான் சொல்வாள். அதற்குள் கொண்டுவந்துவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேரை நாங்கள் நடக்கவைத்தே வீட்டுக்கு அனுப்புவோம் மம்மா என்பாள். இதை நான் மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் அது என் நினைவில் இருந்தது.

டார்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெல்டன் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது, வாசல்படியில் அவர் நின்று மூச்சு வாங்குவதை அவள் பார்த்தாள். "டாடி, நாளைக்கே என்கூட வந்து காட்டுங்க," என்றாள். அவர் சிரித்தார். அவளும் விட்டுவிட்டாள். பதினோரு நிமிடத்தில் ஒரு மனிதர் போய்விட்டார் என்றால், காப்பாற்ற இருந்த ஒரே வாய்ப்பு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்று அவள் கணக்குப் போட்டாள். நர்ஸ் அல்லவா. அடுத்த மாதமே இதயப் பிரிவை விட்டுவிட்டாள். யாருடைய மார்பிலும் கை வைக்க முடியவில்லை என்றாள். இப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடுகிறாள். கிரெய்க்கும் அவளும் பிரிந்துவிட்டார்கள். அவள் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறாள் என்று அவன் என்னிடம் சொன்னான். பொறுமையான பையன்தான் அவன்.

ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் வந்து இதே இடத்தில் உட்கார்ந்து, "மம்மா, நான் அன்னைக்கே டாடிய இழுத்துட்டுப் போயிருக்கணும்," என்பாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுப்பேன். "நான் உன்ன மன்னிச்சு ரொம்ப நாளாச்சு, கண்ணு," என்று சொல்லியிருக்கிறேன். பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தாய் வேறென்ன செய்ய முடியும்?

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, கருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. ஏன் இப்போது சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் கேட்டீர்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் அவர் இறந்த துக்கத்தைத்தான் விசாரிப்பார்கள். ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. தோல்வியைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பொய் சொல்வதில்லை. ஜெயித்ததைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொல்வோம்.

என்னைத் தண்டிக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. அவர் உயிரோடு இருந்திருக்கலாம். நான் எழுந்திருந்தால் இருந்திருப்பார். இதைப் போடுங்கள். டார்லா படிக்க வேண்டும். ஆறு வருடமாக என் பெண் சுமப்பது என்னுடையது. அவளுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அவளுக்கு அந்தக் கைகள் திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் வரும் இதழ் என்றீர்கள். அதை ஜனவரிக்குத் தள்ள முடியுமா? அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று டார்லா இந்த ஆண்டு சனிக்கிழமைதோறும் வந்து வெல்டனின் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாள். அவள் உட்கார ஆரம்பித்ததிலிருந்து ஆறு ஆட்டம். ஆறிலும் ஜெயித்திருக்கிறோம். இன்னும் ஐந்து இருக்கிறது. அதுவரை அவள் அந்த இடத்திலேயே இருக்கட்டும்.