அரைக்கட்டை கூடுதல்

கேட்டு ரசித்ததை இன்னொருவருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் காப்பிக்கடையை வைத்ததே அதற்காகத்தான். உட்காருங்கள் அம்மா. உங்கள் தம்பி ஹிசனொபு பழகிய கேசட்டைவிட அசல் இசைத்தட்டு மெதுவாக ஓடுகிறது என்கிறீர்கள். கோபே நகரில் கேட்டீர்களாம். சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். வேகத்தைக் கூட்டிப் பதிந்து கொடுத்தது நான்தான்.

இந்த ஹிமேஜி ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி அவன். ஜாஸும் ராக்கும் கலந்த கிதார் என்றால் இருவருக்கும் பைத்தியம். வெளிநாட்டுத் தட்டுகள் என்னிடம் இருந்தன, அவனிடம் கேசட் பெட்டி மட்டும். "முதல்ல இதைக் கேளு. இது மண்டையில ஏறாம அதைத் தொடாதே" என்று வரிசை போட்டுப் பதிந்து கொடுப்பேன். நான் வருடக்கணக்காகத் தடவியும் வராததை அவன் மறுவாரமே இங்கே வந்து வாசிப்பான். "வந்துடுச்சு அண்ணே!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். நானும் கைதட்டுவேன்.

பிறகு தோக்கியோவில் ஒரு குழு கிதார்காரரைத் தேடியது. தேர்வுக்கு எந்தெந்த ஆல்பத்தைப் பழகலாம் என்று என்னைத்தான் கேட்டான். இருப்பதிலேயே கடினமானவற்றைப் பொறுக்கினேன். பதியும்போது தட்டு சுழலும் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"அண்ணே, இது சுருதி அரைக்கட்டை மேல நிக்குதே?"

"இதுல வாசிக்கிற ஆளு தந்தியை அப்படித்தான் முறுக்குவாரு. நீயும் முறுக்கு."

முறுக்கினான். அடுத்த கேசட்டில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவன் கடையில் இருக்கும்போது அந்தத் தட்டுகளை மட்டும் போடமாட்டேன்.

ஒருநாள் கையை உதறிக்கொண்டே வந்தான். "சுண்டு விரல் மரத்துப்போகுதுண்ணே. கொஞ்ச நாள் விட்டுடவா?"

"தாராளமா விடு. இது உனக்கு ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சொல்லல."

அவன் கண் கலங்கிவிட்டது. மறுநாள் விரல்களில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு கிதாரோடு உட்கார்ந்தான். அன்றைக்குக் காப்பிக்கு நான் காசு வாங்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். இனி கிதார் கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சோற்றுக் கிண்ணத்தைக்கூட அந்தக் கையில் ஏந்த முடியவில்லை என்று அழுகிறீர்கள். எனக்கும் தெரியும். அவனுக்கென்றே பெரிய கைப்பிடி வைத்த கோப்பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பொறாமை என்று மட்டும் சொல்லாதீர்கள். தேறியிருந்தால் தோக்கியோ போயிருப்பான். அப்புறம் நான் யாரிடம் போய்ப் பேசுவது? இப்போது தினமும் வருகிறான். எதிரில் உட்கார்ந்து, என்னைப் போலவே கேட்க மட்டும் செய்கிறான். எங்களுக்குள் இவ்வளவு ஒட்டுதல் முன்பு இருந்ததே இல்லை.

அவனிடம் சொல்வதானால் சொல்லுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள் அம்மா. இனி அவனுக்கென்று இருப்பது நான் ஒருவன்தான்.