மொரினாரின் வலது கை

மொச்சை கெட்ட சாப்பாடு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சியில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தவக்காலம் முழுக்கப் பகலில் உபவாசம், சாயங்காலம் மொச்சை என்று வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் ஒரு மீன்குளத்தின் அருமை தெரியும். அந்த ஆண்டு எங்கள் மடத்தில் சங்கீதம் பாடும்போது, சங்கீதத்தோடு சேர்ந்து வேறு சில ஓசைகளும் கோயிலுக்குள் எழும்பின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பாடப் பழகினோம். ஐயா, நீங்கள் பேராயர் அனுப்பி விசாரணைக்கு வந்தவர், பெரிய இடத்துச் சாப்பாடு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அந்தக் குளத்தில்தான் தொடங்கியது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் லாம்பெர். இந்த மடத்தின் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைப் பாத்திரம் கழுவுவது, மணியடிப்பது எல்லாம் என் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் காவலர் புனித மொரினாரின் எலும்புகள் இருக்கும் வெள்ளிப் பேழையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. திருநாளுக்குத் திருநாள் பேழையைத் திறந்து, அவரை ஒவ்வொரு எலும்பாகத் துடைத்து வைப்பேன். பெற்ற தாயைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

குளம் மொரினாருடையது. மடத்துக்குச் சொந்தமான எல்லாமே அவருடையதுதான், நாங்கள் அவர் வீட்டு வேலைக்காரர்கள். ரைனால்து பிரபுவின் தாத்தா சாகும்போது அதை மொரினாருக்கு எழுதிக் கொடுத்தார். பேரனுக்கு அது பொறுக்கவில்லை. அறுவடை முடிந்த கையோடு ஆட்களைக் கூட்டிவந்து கரையில் காவல் போட்டுவிட்டார்.

"சாவப்போற நேரத்துல எங்க தாத்தாவுக்குப் பொண்டாட்டி யாரு, ஆட்டுக்குட்டி யாருன்னே தெரியல. நீங்க காதுல ஓதுனீங்க, அவரு தலைய ஆட்டுனாரு. குளத்துல என் பங்க நான் எடுத்துக்கிட்டேன், மொரினாரு வந்து கேக்கட்டும்" என்றார்.

எங்கள் மடத்துத் தலைவர் இசெம்பார் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். மெழுகுவர்த்திகளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் அணைத்து, நின்றாலும் சபிக்கப்படுக, நடந்தாலும் சபிக்கப்படுக, தின்றாலும் குடித்தாலும் சபிக்கப்படுக என்று முழுவதையும் வாசித்தோம். பிரபு கோயில் வாசலில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டார். "படுத்தாலும்னு ஒண்ண விட்டுட்டீங்களே சாமி" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். ஏற்கெனவே இரண்டு மடங்கள் அவரைச் சபித்திருந்தன. அம்மைத் தழும்பு மாதிரி அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

சாபம் பலிக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் செய்வது ஒன்றுதான். புனிதரைத் தண்டிப்போம். சொத்து அவருடையது, காவலும் அவருடையது. தூங்கும் காவல்காரனைத் தட்டி எழுப்பத்தானே வேண்டும். ஆகவே பேழையைப் பீடத்திலிருந்து இறக்கி, வெறுந்தரையில் சாக்கு விரித்து அதன்மேல் வைத்து, மேலே முள்ளைப் போட்டு, விளக்கையும் அணைத்துவிடுவோம். காரியம் நடக்கும்வரை அவருக்குத் திருநாளும் இல்லை, தூபமும் இல்லை. அவமானம் தாங்காமல் அவர் எழுந்து வேலையைப் பார்ப்பார். இதைச் செய்யவேண்டியவன் கோயில்பிள்ளை. முள்ளை நான்தான் வெட்டினேன், நான்தான் போட்டேன். போட்டுவிட்டு மணிக்கூண்டுக்குப் போய் அழுதேன்.

மொரினார் எழவில்லை.

பிறகு ஊர்ச்சனங்கள் வந்தார்கள். அவர்கள் எங்களைப் போல நாகரிகமாகத் தண்டிக்கமாட்டார்கள். வாத்து வளர்க்கும் எர்சாந்து முன்னால் வந்தாள். அவள் வாத்துகள் அந்தக் குளத்தில்தான் நீந்தும், இப்போது பிரபுவின் ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் நல்ல பிரம்பு வைத்திருந்தாள். பீடத்துத் துணியை விலக்கிவிட்டுக் கல்லின்மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"ஏன்யா மொரினாரே, கண்ணு அவிஞ்சா போச்சு? வருசா வருசம் கொழுத்த வாத்தாப் பாத்துக் கொண்டாந்து குடுத்தேனே. தின்னது நீயா, இந்தச் சாமிமாரான்னு ஒருநாளாவது கேட்டிருப்பேனா? ஒரு குளத்தக் காப்பாத்தத் துப்பில்ல, உனக்கு எதுக்குய்யா வெள்ளிப் பெட்டி?"

நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு அடி தவறிக் கீழே இருந்த பேழைமேலேயே விழுந்தது. உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

அன்று மாலை தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மொச்சைக் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"லாம்பெரு, நாமளும் எவ்வளவுதான் பொறுக்கிறது? புனிதர் எலும்பு விக்கிற இத்தாலிக்காரன் ஒருத்தன் வந்திருக்கான். அவங்கிட்ட ஒரு போர்வீரப் புனிதர் இருக்காரு. பாதித் தாடைதான் மிச்சம். ஆனா சரியான கோவக்காரராம். மாடு திருடுனவன் ஒருத்தனுக்கு ஒரே வாரத்துல வாய் கோணிப்போச்சாம்."

"அப்ப நம்ம மொரினாரு, சாமி?"

"ஈஸ்டருக்குள்ள ஏதாவது பண்ணுனா மறுபடி பீடத்துல ஏத்திருவோம். இல்லேன்னா நிலவறையில வெச்சிருவோம். அவருக்கும் வயசாயிடுச்சுல்ல?"

நிலவறையில் நாங்கள் நூல்கோல் அடுக்கி வைத்திருந்தோம். மொரினாரை நூல்கோல் பக்கத்தில் நினைத்துப் பார்த்தேன். அன்று என் மனம் பட்ட பாடு உங்களுக்குச் சொன்னால் புரியாது.

நான் கோபப்படவில்லை, ஐயா. யோசித்தேன். இத்தனை பேர் ஏசினார்கள், அடித்தார்கள், ஒருவராவது நியாயமாக யோசித்தார்களா? மொரினார் ஏன் அடிக்கவில்லை? சோம்பேறி அல்ல, பயந்தவரும் அல்ல. அவருக்கு வலது கை இல்லை. எங்கள் பழைய தலைவர் ஒருவர், ஆயரிடம் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று, மொரினாரின் வலது கையைத் தோளோடு எடுத்து நகரத்துப் பேராலயத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். பேழையில் வலது தோளுக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருப்பதை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. கையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, ஏன் அடிக்கவில்லை என்று முள்ளைப் போட்டால் அவர் என்ன செய்வார்? கை ஒன்று கிடைத்தால் செய்வார்.

அந்தப் பரிசுத்த வாரத்தில் ரைனால்து பிரபுவே வந்தார், எங்கள் சமையல்கட்டு வாசலுக்கு. கன்னம் வீங்கியிருந்தது. கூடவே அவருடைய காரியக்காரர் ஓட்பெர், மரியாதையான மனிதர், எப்போது பார்த்தாலும் என் மூட்டுவலியை விசாரிப்பார்.

"சாமி, சபிச்சது சபிச்சதாவே இருக்கட்டும், அத நான் கேக்கல" என்றார் பிரபு. "பல்லு உசுரு போகுது. மொரினாரக் கழுவுன ரசம் ஒரு கிண்ணம் குடுங்க. எங்கம்மா எனக்குச் சின்ன வயசுல அதத்தான் குடுப்பா."

எலும்புகளின்மேல் திராட்சரசத்தை வார்த்து, அதைப் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுப்பது எங்கள் மடத்து வழக்கம். யாருடைய குளத்தைப் பறித்தாரோ அவரிடமே மருந்து கேட்கும் அளவுக்கு அவருக்கு விசுவாசம் இருந்தது. அதை நான் மெச்சினேன். மொரினாரே அவரை என்னிடம் அனுப்பிவைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

மடத்து வைத்தியரின் தோட்டத்தில் ஒரு நீலப்பூச் செடி இருக்கிறது. ஒரு ஆட்டுக்குட்டி அதைத் தின்று செத்ததிலிருந்து வேலி போட்டிருக்கிறார். அதை ரசத்தில் நான் சேர்த்தது உண்மைதான். ஆனால் நீங்கள் சட்டம் படித்தவர், இதை நிதானமாகப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குற்றவாளி கையில் கொடுத்து, நிரபராதி என்றால் சுடாது என்று நீங்களே தீர்ப்பு எழுதுகிறீர்கள். அதே நியாயம்தான் இங்கேயும். பிரபு நிரபராதி என்றால் மொரினாரின் ரசம் எந்தச் செடியையும் முறித்திருக்கும். நான் யாரையும் தண்டிக்கவில்லை, கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

பிறவியில் நான் இடதுகைக்காரன். ஆனால் மொரினாருக்கு இல்லாதது வலது கை. ஆகவே அன்று குடுவையை வலது கையில் பிடித்துத்தான் ஊற்றினேன். பழக்கமில்லாத கை, கொஞ்சம் ஆடியது. தட்டில் பக்கத்திலிருந்த ஓட்பெரின் கிண்ணத்திலும் சிந்திவிட்டது. அதில் வெறும் ரசம்தான் இருந்தது, உபசாரத்துக்கு வைத்தது. பார்த்தேன். சிந்தியதை அள்ள முடியுமா? வேறு கிண்ணம் கொண்டுவரலாம்தான். ஆனால் சமையல்காரத் துறவி கழுவிக் கவிழ்த்திருந்தார், அவர் கொஞ்சம் சிடுசிடுப்பானவர்.

பிரபு ஒரே மூச்சில் குடித்தார். சற்று நேரம் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். அவர் முகம் குழந்தை மாதிரி மலர்ந்தது.

"அடேங்கப்பா! ஓட்பெரு, வலி போயே போச்சுய்யா. வாயே இருக்கிற மாதிரி தெரியல. சாமி, உங்க மொரினாரு லேசுப்பட்டவரு இல்ல."

"இல்லை பிரபு" என்றேன்.

இரண்டு பேரும் குளக்கரை தாண்டவில்லை.

ஓட்பெர் விஷயத்தில் எனக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மூட்டுவலிக்கு வாத்துக்கொழுப்பு தடவச் சொன்னவர். ஆனால் மொரினாரின் ரசம் அவரையும் காப்பாற்றவில்லை என்றால் அவரிடமும் ஏதோ பாவம் இருந்திருக்கிறது. தேடினால் கிடைக்கும். காரியக்காரர் இல்லையா?

அதன்பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். எல்லா மணிகளையும் அடித்தேன். பிரபுவின் மனைவி பயந்துபோய்க் குளத்தை அன்றே திருப்பிக் கொடுத்தாள். முள்ளை எடுத்து எரித்தோம். மொரினாரைத் தோளில் சுமந்து பீடத்தில் ஏற்றினோம். எர்சாந்து கோயில் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் பிரம்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாம் நான் போட்ட போடுதான். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" ஈஸ்டர் அன்று வெண்ணெயில் பொரித்த கெண்டை சாப்பிட்டோம். தலைவர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். இத்தாலிக்காரன் பாதித் தாடையோடு வேறு ஊருக்குப் போனான். அந்த வாரம் நான் பட்ட ஆனந்தத்தை மோட்சத்தில்தான் இனிப் படவேண்டும்.

அப்போதுதான் நகரத்துப் பேராலயத்தார் வாயைத் திறந்தார்கள். பிரபு விழுந்த அதே நேரத்தில் தங்களிடமிருக்கும் மொரினாரின் கை வேர்த்ததாம். அடிப்பது கைதானே, கை எங்களிடம் அல்லவா இருக்கிறது, ஆகவே அற்புதம் எங்களுடையது என்று பறைசாற்றிவிட்டார்கள். யாத்திரைக்காரர்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் குடித்து, எங்கள் நிழலில் படுத்து எழுந்து, நேரே நகரத்துக்கு நடக்கிறார்கள். "உங்ககிட்ட மிச்ச ஒடம்புதான சாமி இருக்கு" என்று என் முகத்துக்கு நேரே ஒருவன் கேட்டான். தலைவர் மறுபடி இத்தாலிக்காரனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நிலவறையில் நூல்கோலைத் தள்ளி இடம் பண்ணியாகிவிட்டது.

நீங்கள் வந்திருப்பது இந்த வழக்கைத் தீர்க்கத்தான்: அற்புதம் கையினுடையதா, உடம்பினுடையதா? கொலை என்று உங்களிடம் ஒருவரும் புகார் செய்யவில்லை. நானாகத்தான் உங்கள் கதவைத் தட்டினேன். நகரத்துக் கை அந்நேரம் வேர்த்ததோ, குளிர்ந்ததோ, எனக்குத் தெரியாது. அடித்த கை இங்கே இருந்தது. இதோ, இதுதான்.

நீயும் அந்த ரசத்தைக் குடித்துப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அன்று எனக்கு உபவாசம்.

தலைவர் வெளியே நின்று தலையில் அடித்துக்கொள்வது கேட்கிறது. அவரைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். ரைனால்து பிரபுவுக்கும் காரியக்காரர் ஓட்பெருக்கும் நஞ்சு ஊற்றிக் கொடுத்தவன் நான். அவர்கள் செத்தது அதனால்தான். இதில் எனக்கென்று ஒரு ஆசையும் இல்லை. வேலைக்காரன் வீட்டுக்காரருக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன்.

வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். தூக்கில் போட்டாலும் சரி, இருட்டறையில் அடைத்தாலும் சரி, நான் போனபிறகு என் கையைத் தோளோடு எடுத்துப் பேழையில் அந்தக் காலி இடத்தில் வையுங்கள். விளக்கு, தூபம், திருநாள் எல்லாம் மொரினாருக்குப் போகட்டும், பக்கத்தில் சும்மா கிடக்கிறேன். இடதுகைக்காரன் என்று யாராவது சொல்லித் தவறான கையை வெட்டிவிடப் போகிறார்கள், வலது கை என்று அழுத்தி எழுதுங்கள். பொருந்துமோ பொருந்தாதோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். குளம் பறிபோவதற்கு முந்தின ஆண்டே ஒருநாள் பேழையைத் திறந்து அந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்துவிட்டேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.